பழைய மோட்டார் படகுக்கு மர முன்கண்ணாடி: ஜன்னல் செய்கிற கை எங்கே தடுமாறும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் பழைய மோட்டார் படகு ஒன்று கிடந்திருக்கிறது. 14 அடி நீளம், பிளைவுட் உடல், மஹோகனி டெக் (மேல்தளம்), 1950களில் செய்தது. தாத்தா காலத்துச் சொத்து. பேரன் அதைச் சரிசெய்து கேரளக் காயலில் இறக்கப் போகிறார். அடிப்பலகை மாற்றியாயிற்று, என்ஜினும் ஓடுகிறது. முன்கண்ணாடி மட்டும் இல்லை. வீட்டு ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது: மரச் சட்டத்தில் இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு தூண், இரண்டும் பின்பக்கமாகச் சாய்ந்து, மேலிருந்து பார்த்தால் அம்புமுனை போல. கண்ணாடிக் கடையில் அலுமினியத்தில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்களாம். ஊர் ஆசாரி, "ஜன்னல் மாதிரிதானே, செஞ்சிடலாம்" என்கிறாராம். அவரிடம் கொடுக்கலாமா?

கொடுங்கள் தம்பி. மூலை சேர்ப்பதும் இழைப்பதும் அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. ஆனால் டேப் பிடித்து அளவெடுத்துக்கொண்டு போய், பட்டறையில் சட்டம் செய்து கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றால் மட்டும் விடாதீர்கள். ஜன்னலுக்குச் சுவர் நேராக இருக்கும், அடி மட்டமாக இருக்கும், மூலை 90 டிகிரி இருக்கும். படகில் இந்த மூன்றும் கிடையாது. டெக் நடுவில் உயர்ந்து ஓரங்களில் இறங்கும், முன்பக்கம் போகப் போக வேறு மாதிரி வளையும், இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருக்காது. எழுபது வருஷப் படகில் இருக்கவே இருக்காது. படகு பட்டறைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பட்டறை படகிடம் வர வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கோத்தகிரியில் முப்பது வருஷமாக மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, ஜன்னல், கட்டில், பழைய பங்களாக்களின் படிக்கட்டு என்றுதான் பிழைப்பு. படகு இதுவரை மூன்றே மூன்று. முதல் படகுக்கு முன்கண்ணாடி செய்தபோது அடிக்கட்டையை அழகாக, நேராக இழைத்துக் கொண்டுபோய் டெக்கில் வைத்தேன். நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு முனையும் கால் அங்குலம் தூக்கி நின்றது. திருகாணி போட்டு இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று இறுக்கினேன். உட்காரவும் செய்தது. கண்ணாடி மாட்டி, அதைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய மரப்பட்டையான பீடிங் அடித்து, துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஜனவரி மாதம், ராத்திரி உறைபனி. மறுநாள் காலை பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், வேர்க்கடலை உடைக்கிற மாதிரி. இடது கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து மேலே ஒரு முடி அளவுக்கு விரிசல். கை வைக்காமலே அது நாள் முழுக்க நீண்டுகொண்டே போனது. வளைத்து இறுக்கின கட்டை நிமிரப் பார்க்கும், அந்த இழுப்பைக் கண்ணாடிதான் தாங்க வேண்டும். கண்ணாடி தாங்காது.

ஆகவே முதல் வேலை மரம் வாங்குவது அல்ல, படகைப் படிப்பது. டெக்கின் பழைய வார்னிஷைச் சுரண்டுவதற்கு முன்னால் நல்ல வெயிலில் சாய்வாகப் பாருங்கள். முன்கண்ணாடியின் அடிக்கட்டை உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் படாமல் மரத்தின் நிறம் மாறி ஒரு பட்டை தெரியும். அடைத்த திருகாணித் துளைகளும் அந்தப் பட்டையிலேயே இருக்கும். சுரண்டியாயிற்று என்றால் டெக்கின் அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள். துளைகள் கீழே வரைக்கும் வந்திருந்தால் அங்கே தெரியும். இந்த இரண்டும் கிடைத்தால் அடிக்கட்டையின் இடமும் அகலமும் கிடைத்துவிட்டது. உயரத்துக்கும் சாய்வுக்கும் போட்டோ. போட்டோவில் ஸ்டியரிங் வளையம் தெரிகிறதா? அது இன்னும் படகில் இருக்கிறதா? அதன் விட்டத்தை வைத்து மற்றதைக் கணக்குப் போடலாம். பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் சாய்வு ஓரளவு சரியாக வரும். முன்னாலிருந்து சரிவாக எடுத்த படத்தை நம்பிச் சாய்வை முடிவு செய்யாதீர்கள், ஏமாற்றிவிடும்.

அடுத்தது, டிரெய்லரில் நிற்கும் படகை நீரில் மிதக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உடலில் பழைய நீர்க்கோடு இருக்கும். அது முன்னும் பின்னும், இடதும் வலதும் ஒரே மட்டத்தில் வரும்படி ஆப்பு வைத்துத் தூக்குங்கள். தண்ணீர்க் குழாய் மட்டம் இதற்குப் போதும். கட்டட மேஸ்திரிகள் வைத்திருக்கும் ரசமட்டத்தை டெக்கின் மேல் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. படகு மட்டமானதும் மூக்கிலிருந்து பின்பலகையின் நடுவுக்கு நூல் கட்டுங்கள். இனி எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான்.

அப்புறம் அட்டையில் ஒரு முன்கண்ணாடி. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி போதும், கொஞ்சம் வசதி இருந்தால் 4 மில்லிமீட்டர் பிளைவுட். வெட்டி, டேப் ஒட்டி, டெக்கில் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு நிற்காமல் உட்காருங்கள். ஓட்டுகிற சீட்டில், மெத்தையோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. மேல்சட்டம் சரியாகக் கண்மட்டத்தில் வந்தால் அந்தப் படகை ஓட்டவே முடியாது: தூரத்துக் கரையும் எதிரே வரும் வள்ளமும் அந்த ஒன்றரை அங்குல மரத்துக்குப் பின்னால் மறைந்து போகும். ஒன்று, கண் நன்றாகக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். அல்லது மேல்சட்டத்துக்கு மேலே பார்க்க வேண்டும். இந்த மாதிரி சின்னப் படகுகளில் மேலே பார்ப்பதுதான் வழக்கம். கண்ணாடி காற்றையும் தெறிக்கிற தண்ணீரையும் மேலே தூக்கிவிடுகிறது. படகு வேகமெடுக்கும்போது மூக்கு தூக்கும், அதையும் நினைவில் வைத்து ஒரு அங்குலம் குறைவாகவே வைக்கலாம். வீட்டில் உயரமானவரையும் குள்ளமானவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். அட்டையைத் திரும்ப வெட்டுவது பத்து நிமிஷ வேலை.

கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கிய லெவிஞ்ச் துரை முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். துடுப்புப் படகுக்கு முன்கண்ணாடி எதற்கு, அந்த ஏரியில் இன்றைக்கும் துடுப்பும் மிதியும்தான். இந்த வேலை தெரிந்த ஆள் மலையில் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பைக்காராவில் மோட்டார் படகு ஓடுகிறது, ஆனால் அதெல்லாம் ஃபைபர்.

இப்போது கோணம். ஜன்னல் செய்கிற கை முதலில் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒவ்வொரு கண்ணாடியும் இரண்டு விதமாகத் திரும்பியிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் பின்னால் போகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் சாய்கிறது. முதலாவது 25 டிகிரி, இரண்டாவது செங்குத்திலிருந்து 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம் (சாய்வை அந்தக் கண்ணாடியின் அடிக்கோட்டுக்குக் குறுக்காக அளக்க வேண்டும், படகின் நடுக்கோட்டில் அல்ல). நடுத்தூணில் இரண்டு சட்டமும் சேரும் விளிம்பை எத்தனை டிகிரி சரித்து இழைக்க வேண்டும்? ஆசாரியைக் கேட்டால் 25 என்பார். நானும் அப்படித்தான் அறுத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்தபோது முன்பக்கம் தொட்டது, பின்பக்கம் தீக்குச்சி நுழையும் சந்து. சரியான பதில் 20 டிகிரியும் ஒரு கால் டிகிரியும். ஒரு அட்டையை நடுவில் மடித்து நிறுத்திப் பாருங்கள், அப்படியே பின்னால் சாய்த்துக்கொண்டே போங்கள். அடி தரையை விடாமல் இருக்க வேண்டுமென்றால் மடிப்பு விரிந்துகொண்டே வரும், முழுக்கப் படுத்துவிட்டால் மடிப்பே இருக்காது. கால்குலேட்டர் இருந்தால் 25இன் சைனை 35இன் கொசைனால் பெருக்குங்கள். 0.346 வரும். அது எந்தக் கோணத்தின் சைன் என்று தேடினால் 20.25.

அதே கணக்கில் இன்னொரு ஆச்சரியம்: அந்தக் கண்ணாடியின் கீழ் உள்மூலை, அதாவது நடுத்தூணும் அடிக்கட்டையும் சேரும் மூலை, 90 டிகிரி அல்ல, 75. மூலைமட்டத்தை வைத்து வெட்டின கண்ணாடி அந்த இடத்தில் உட்காரவே உட்காராது. உங்கள் படகின் 25உம் 35உம் வேறாக இருக்கும். கணக்குப் பிடிக்காவிட்டால் கவலை இல்லை. நீங்கள் ஒப்புக்கொண்ட அட்டை மாதிரியிலேயே எல்லாக் கோணமும் இருக்கிறது. சாய்வு மட்டத்தை (எந்தக் கோணத்துக்கும் திருப்பி இறுக்கக்கூடிய மட்டம்) அதன்மேல் வைத்து எடுத்து அப்படியே ரம்பத்துக்குக் கொண்டுபோகலாம். நான் இரண்டையும் செய்து, இரண்டும் ஒத்துவந்தால்தான் மரத்தைத் தொடுவேன்.

மரம். வீட்டைச் சுற்றித் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் நிற்கிறது, அதில் செய்யலாமா என்று எப்படியும் கேட்பீர்கள். வேண்டாம். நிழலுக்கும் பெட்டிக்கும் ஆகும், மழையிலும் வெயிலிலும் நிற்காது. யூகலிப்டஸ் முறுக்கிக்கொள்ளும். சந்தனவேம்பு மஹோகனிக்கு உறவு, நிறமும் நெருங்கி வரும், ஆனால் மெத்து. டாஷ்போர்டு முகப்புக்கு வைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் நிற்கிற மரம் எதையாவது வெட்டும் யோசனை இருந்தால், மலைப்பகுதியில் அதற்கு 1955ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதி வாங்காமல் கோடாலி எடுக்காதீர்கள். டெக் மஹோகனி என்பதால் சட்டமும் மஹோகனியில் செய்தால்தான் கண்ணுக்கு ஒத்துப்போகும். ஆனால் இப்போது தோட்டங்களில் வளர்த்து வெட்டி வருகிற இளம் மஹோகனி வெளிறிப்போய், லேசாக இருக்கும். என் கை போவது பழைய தேக்குக்கு. இடித்த பங்களாவின் கதவு நிலை, உத்தரம். வைரம் பாய்ந்து, ஐம்பது அறுபது வருஷம் காய்ந்து, நெளிய வேண்டியதெல்லாம் நெளிந்து முடித்த மரம். மேட்டுப்பாளையத்து மர டிப்போக்களில் சொல்லிவைத்தால் வரும். காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்து ஆணி இல்லை என்று உறுதியானபிறகு அறுவைக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் மில்காரர் உங்களை மறக்கமாட்டார். மஹோகனி டெக்கில் தேக்குச் சட்டமா என்றால், ஸ்டெயின் கொஞ்சம் கொடுத்துச் சமாளிக்கலாம். நூறு சதவீதம் அசல் வேண்டும் என்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் இல்லை.

ரேகையைப் பாருங்கள். நீளச் சட்டங்களில் ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். நுனியில் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகை கிடைத்தால் மழைக்கும் வெயிலுக்கும் குறைவாக அசையும். அப்புறம், அறுத்து வந்த உடனே வேலையைத் தொடங்காதீர்கள். பலகைகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து அடுக்கி, அறைக்குள்ளே இரண்டு மூன்று வாரம் விடுங்கள். தை, மாசியில் மலைக்காற்று வறட்சி; கீழே காயலில் வருஷம் முழுக்க ஈரம். இங்கே கச்சிதமாக இறுக்கிச் செய்தது அங்கே போய் ஊதும். அதற்கு இடம் விட்டுத்தான் செய்ய வேண்டும், கண்ணாடி பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

அடிக்கட்டையில் நேரத்தைச் செலவழியுங்கள். மொத்த வேலையில் பாதி நேரம் அதற்கே போனாலும் சரி. இரண்டு அங்குலத்துக்குக் குறையாத கனம், மூன்று அங்குலம் அகலம் கொண்ட கட்டையை எடுத்து, அது உட்காரவேண்டிய இடத்தில், நிற்கவேண்டிய சாய்வில், கீழே சின்ன ஆப்புகள் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். ஒரு சின்ன மரச்சில்லின் மேல் பென்சிலை வைத்து, சில்லை டெக்கோடு தேய்த்தபடியே கட்டையின் முன்முகத்தில் கோடு இழுங்கள். பின்முகத்திலும் அதே சில்லு, அதே பென்சில். டெக்கின் வளைவு அச்சு அசலாகக் கட்டையில் இறங்கிவிடும். முன்கோடும் பின்கோடும் ஒரே மாதிரி இருக்காது, இரண்டுக்கும் நடுவே முறுக்கு இருக்கும், அது சரிதான். கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) வெளியே அறுத்து, மிச்சத்தை இழைப்புளியால் எடுங்கள்.

அதற்குப் பிறகு சாக்பீஸ். டெக்கில் கட்டை உட்காரும் பட்டை முழுக்கச் சாக்பீஸைப் பூசி, கட்டையை வைத்து அரை அங்குலம் முன்னும் பின்னும் தேய்த்து எடுங்கள். கட்டையின் அடியில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, திரும்ப வைத்து, திரும்பத் தேய்த்து. முதல் தடவை மூன்று இடத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். பத்தாவது தடவை ஏழெட்டு இடம். அடி முழுக்க மாவு பூசின மாதிரி வரும்வரை விடாதீர்கள். என்னோடு இந்த வேலைக்கு வந்த பெரியவர் ஒருவர், குளச்சல் பக்கம் வள்ளம் கட்டினவர், கட்டையை வைத்துவிட்டு அதன்மேல் கையை வைக்காமல் காதை வைத்து விரலால் தட்டுவார். பொந்து இருந்தால் சத்தம் மாறும். "இன்னும் பேசுது, எடு" என்பார். எனக்கு அந்தக் காது இன்னும் வரவில்லை, சாக்பீஸ்தான். உள்ளே நடு ஒன்றரை அங்குலத்தை மெல்லக் குழித்துவிட்டு இரண்டு விளிம்பும் மட்டும் உட்காரும்படி செய்தால் வேலை பாதியாகும். தண்ணீர் இறங்காமல் பிறகு அடியில் வைக்கிற அடைப்புக்கும் அந்தக் குழி இடமாகும்.

மூலைச் சேர்ப்பில் 45 டிகிரி வெட்டி ஒட்டுவது படத்துக்குப் பிரேம் போடத்தான் லாயக்கு. ஒரு சட்டத்தின் முனையை நாக்காகவும் மற்றதன் முனையைப் பிளவாகவும் செய்து செருகுங்கள். பசை பிடிக்கும் பரப்பு அதிகம். பசைக்கு எபாக்ஸி. தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்ட வேண்டும். மலையில் எபாக்ஸிக்கு ஒரு பிரச்சினை உண்டு. மார்கழி ராத்திரியில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் அது இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். சட்டத்தைச் சுற்றி ஒரு தார்ப்பாயைக் கூடாரம் போலக் கட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள், 60 வாட்ஸ் போதும், துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் ஒட்டினால் காய்ந்தபிறகு மேலே சோப்பு மாதிரி ஒரு வழவழப்பு வரும். அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், கழுவாமல் போட்டால் மேலே வார்னிஷ் பிடிக்காது.

கண்ணாடிக்கு வருவோம். சாதாரண ஜன்னல் கண்ணாடி கூடவே கூடாது, உடைந்தால் கத்தி. அக்ரிலிக் லேசு, விலையும் பரவாயில்லை, ஆனால் காயலில் உப்புத்தண்ணீர் காய்ந்த முகத்தைத் துண்டால் துடைத்தால் ஒரே மாதத்தில் கீறல். வெயிலுக்கு நீளவும் செய்யும்: ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 2 மில்லிமீட்டர். உங்கள் கண்ணாடிகள் தட்டையானவை, வளைவு இல்லை. ஆகவே லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு 3 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு நடுவே 0.38 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் படலம், மொத்தம் 6.38. உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். டஃபன்டு கண்ணாடியும் ஆகும், ஆனால் அதைப் பதப்படுத்தினபிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது. லேமினேட்டட்டை கோயம்புத்தூரில் வெட்டித் தருவார்கள். எண்ணில் அளவு எழுதிக் கொடுக்காதீர்கள். சட்டம் முடிந்தபிறகு 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மாதிரி வெட்டி, காடிக்குள் (சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளம்) போட்டுப் பார்த்து, 'இடது, வெளிப்பக்கம்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். இடது மாதிரியைத் திருப்பிப் போட்டால் வலதாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். பழைய படகில் ஆகாது, இரண்டு மாதிரி கொடுங்கள்.

மாதிரியை வெட்டும்போது சுற்றிலும் காடியின் அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். மரம் ஊதுவதற்கும் படகு முறுக்குவதற்கும் நாம் விடுகிற இடம் அதுதான். கீழே இரண்டு இடத்தில் ரப்பர் துண்டு வைத்து அதன்மேல் கண்ணாடியை உட்காரவையுங்கள். மரத்திலோ திருகாணி நுனியிலோ கண்ணாடி விளிம்பு எங்கேயும் தொடக்கூடாது. பீடிங் திருகாணி ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே போதும், என் முதல் அனுபவம் திரும்ப வரும். இடைவெளியை அடைக்கப் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா) நல்லது. சிலிகான் போட்டால் புளிவாசனை அடிக்காத வகை வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கிற சாதாரண சிலிகான் லேமினேட்டட் விளிம்பில் படலத்தைக் கெடுக்கும். மரத்தில் சிலிகான் பட்ட இடத்தில் பிறகு வார்னிஷும் ஏறாது, எவ்வளவு தேய்த்தாலும் மீன்கண் மாதிரி வட்டமாக விலகி நிற்கும். ஆகவே வார்னிஷ் எல்லாம் முடிந்தபிறகே கண்ணாடி. காடியின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் கொடுக்க மறக்காதீர்கள், அங்கேதான் தண்ணீர் தங்கும். தங்கினது வெளியே போக அடிச்சட்டத்தின் காடியிலிருந்து முன்பக்கமாக 6 மில்லிமீட்டர் துளை, ஒரு கண்ணாடிக்கு இரண்டு. துளைக்குள்ளும் பிரஷ் விடுங்கள்.

திருகாணி காயலுக்கு ஏற்றபடி. உப்பு கலந்த தண்ணீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்ல அரித்துப்போய், பார்க்க நன்றாக இருந்துகொண்டே உள்ளுக்குள் சொத்தையாகிவிடும். உப்புத்தண்ணீருக்குத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், அல்லது சிலிகான் வெண்கலம் கிடைத்தால் அது. நகை போலத் தெரிகிற நடுத்தாங்கியும் ஓரத் தாங்கிகளும் பித்தளையில் இருந்து குரோம் பூசியிருந்தால் பரவாயில்லை, அவை தண்ணீருக்குள் முங்கப்போவதில்லை. தாங்கி தொலைந்துபோயிருந்தால் மரத்தில் மாதிரி செய்து வார்ப்புக்குக் கொடுக்கலாம். ஆறினால் உலோகம் ஒன்றரை சதவீதம் அளவுக்குச் சுருங்கும், மாதிரியை அதற்கேற்ப கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். கோயம்புத்தூரில் பம்புக்கு வார்ப்பவர்கள் இந்தச் சின்ன வேலையை முகம் சுளித்துக்கொண்டுதான் எடுப்பார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவரிடம் ஒருமுறை கொடுத்தேன், அவர் அதற்கு ஒரு பட்டை சேர்த்து அழகுபடுத்தி அனுப்பிவிட்டார். அரத்தால் எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அடிக்கட்டையை டெக்கோடு பிடிப்பது வெறும் திருகாணியால் அல்ல, போல்ட்டால். டெக் பலகை அரை அங்குலம்கூட இருக்காது. கீழே ஒரு பின்கட்டை வைத்து, வாஷர் போட்டு இறுக்குங்கள். கை தவறி யாராவது மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் படகில் ஏறுவார்கள், எவ்வளவு சொன்னாலும். கட்டைக்கும் டெக்குக்கும் நடுவே அடைப்புக்குப் பியூட்டைல் அல்லது பாலிசல்ஃபைடு (ரப்பர் மாதிரி இறுகும் பசை). பாலியூரித்தேன் பசை போட்டீர்கள் என்றால் அடுத்த முறை கழற்றும்போது டெக்கின் மேல் தோலோடு வரும். போல்ட் தலையை மூடும் மரக்குமிழையும் வார்னிஷ் தொட்டு ஒட்டினால் போதும், பசை வேண்டாம், ரேகையைச் சுற்றுமரத்தோடு நேராக்கி அடியுங்கள்.

வார்னிஷ் பற்றிக் கடைசியாக. ஃபர்னிச்சர் கடையில் கொடுக்கிற மெலமைனும் உள்வேலைக்கான பியூ (பாலியூரித்தேன்) பூச்சும் வெளியில் ஒரு வருஷத்தில் தோல் உரியும். வெயிலின் புறஊதாவைத் தடுக்கும் மரைன் வார்னிஷ்தான். முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரம் குடிக்கவிடுங்கள், பிறகு படிப்படியாகக் கெட்டியாக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே 320 உப்புத்தாள் போட்டு, ஆறேழு பூச்சு. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழைதான் அதிகம், ஐப்பசி கார்த்திகையில் இதைத் தொடங்கவே வேண்டாம். வெயில் காலத்திலும் காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் பிரஷை வைத்துவிட வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குப் பனிமூட்டம் ஏறி வரும்போது ஈரமாக இருக்கிற வார்னிஷ் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும், மறுநாள் மொத்தமும் தேய்த்து எடுக்க வேண்டியதுதான். பூச்சைக் குறைக்காதீர்கள். 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புறஊதா கூடும் என்பார்கள். படகு கொட்டகைக்கு வெளியே நிற்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் சேரும். காயலுக்குப் போனபிறகு வருஷத்துக்கு ஒரு பூச்சு.

எல்லாம் மாட்டினபிறகு, மலையை விட்டு இறங்குவதற்கு முன்னால், ஒரு சொம்பு தண்ணீரை ஒவ்வொரு கண்ணாடியின் அடிக்காடியிலும் ஊற்றிப் பாருங்கள். நான்கு துளையிலும் வெளியே சொட்ட வேண்டும். ஒன்று சொட்டவில்லை என்றால் வார்னிஷ் அடைத்திருக்கும், ஒரு கம்பியை விட்டு எடுங்கள். டிரெய்லரில் இறக்கும்போது பர்லியார் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, அத்தனையிலும் படகின் உடல் முறுக்கும். முன்கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். எட்டு போல்ட், அரை மணி நேரம். கழற்ற முடிகிற மாதிரி மாட்டச் சொன்னது இதற்கும்தான்.